மரத்தில் பித்தளைக் கம்பி பதித்தல்

உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி நகரம் 'தார்கஷி' என்னும் கைவினைக்குப் பெயர் பெற்றது. சிசு மரத்தில் கூரிய உளியால் கோடு கீறி, மெல்லிய பித்தளைக் கம்பியை அதனுள் சுத்தியால் தட்டி இறக்குவர். பின்னர் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்து மெருகிடுவர். கையால் செய்த பெட்டி, நாற்காலி முதலியவற்றில் உரியவர் தம் பெயரெழுத்தையோ, விரும்பிய சித்திரத்தையோ இம்முறையில் அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வேலை நிலைத்திருப்பது மரத்தின் ஈரத்தைப் பொறுத்தது. மரம் உலரும்போது நாரின் நீளவாட்டில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்குவாட்டில் மிகுதியாகச் சுருங்கும். பித்தளையோ ஈரத்தால் மாறுவதில்லை. 25 செ.மீ. அகலமுள்ள பலகை 2 சதவிகிதம் சுருங்கினால் அதன் அகலம் அரை செ.மீ. குறையும். அப்போது குறுக்கே பதித்த நீண்ட கம்பி இடமின்றி வளைந்து மேலெழும்.

ஆகவே, ஈரம் ஏறக்குறைய 12 சதவிகிதமாகக் குறைந்த மரத்தையே கொள்ளுதல் வேண்டும். ஈரமானி இல்லாத பள்ளிகளில், பலகையை நிழலில் உலர்த்தி வாரந்தோறும் எடை பார்த்து, எடை மாறாது நின்ற பின்னரே வேலையைத் தொடங்கலாம். நீண்ட கோடுகளை நாரின் போக்கிலேயே அமைக்க வேண்டும். குறுக்குக் கோடுகளை இடைவெளி விட்ட சிறு துண்டுகளாகப் பதிப்பது நன்று.