துணையை இழந்த நாய்: துக்கமா, நோயா என்று பாருங்கள்

விழுப்புரம் மாவட்டத்து இரும்பையிலும் வானூர் வட்டாரத்து மற்ற ஊர்களிலும் ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் வளர்வது சாதாரணம். முந்திரித் தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவல் இருப்பவை அவை. ஒன்று செத்துப்போனால் மற்றது சோற்றைத் தொடாமல், வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. 'ஜோடி போன ஏக்கம், நாலு நாளில் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். ஏக்கம் உண்மைதான். ஆனால், கொல்லும் சில நோய்களும் விஷங்களும் தொடக்கத்தில் ஏக்கம் போலவே தெரியும். முதல் நாய் எதனால் செத்தது என்று கேட்பதுதான் மிஞ்சியிருக்கும் நாய்க்கு நாம் செய்யும் முதல் உதவி.

நாய்க்குத் துக்கம் உண்டா?

உண்டு என்பதை நம் மண் வெகுகாலமாக அறியும். விழுப்புரத்தை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. வீரன் இறந்த பிறகும் கள்ளர்களைக் கடித்து, அவனைக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர், 7-ஆம் நூற்றாண்டிலேயே அதில் பொறிக்கப்பட்டது.

இத்தாலியில் 426 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, நாய் நாய்க்காக வருந்துவதைப் பற்றியது. துணை நாய் இறந்தபின் மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆளை விடாமல் ஒட்டிக்கொள்வது, விளையாடாதது, அதிகம் தூங்குவது, பயப்படுவது, குறைவாகத் தின்பது ஆகியவையே அந்த மாற்றங்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நாய்களுக்கு இது ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தது. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தன என்பதைவிட, எவ்வளவு நட்பாக இருந்தன, ஒரே தட்டில் தின்றனவா என்பதே முக்கியமாக இருந்தது. வளர்ப்பவரின் துக்கம் கூடியபோது நாயின் பயமும் கூடியது.

ஏக்கம் என்று ஏமாற வேண்டாம்

வெறிநோய்: எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் சத்தமில்லாமல் மூலையில் ஒடுங்கும். தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கையை விடுவது ஆபத்து. முதல் நாய் இப்படிச் செத்திருந்தால், மற்ற நாயைத் தனியே கட்டி, அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடியோ கீறலோ எச்சிலோ பட்டவர்கள் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். அறிகுறி தொடங்கிய பிறகு இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை.

பார்வோ: வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். குட்டிகளை வேகமாகக் கொல்லும். இந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும்.

உண்ணிக் காய்ச்சல்: சோர்வு, வெளுத்த ஈறு, சில நேரம் மூக்கில் இரத்தம். ஒரே இடத்தில் படுத்த இரண்டு நாய்க்கும் ஒரே உண்ணிதான் ஏறியிருக்கும்.

விஷம்: வயலில் போடும் குருணை மருந்து, எலி மருந்து, யாரோ வைத்த விஷக்கறி என்று எதுவாகவும் இருக்கலாம். சிலவகை எலி மருந்து தின்ற நாய்க்கு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இரத்தக் கசிவு தெரியும். அதற்கு மாற்று மருந்து உண்டு. மருந்துப் பொட்டலம் கிடைத்தால் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குட்டி ஒரு நாளும் பெரிய நாய் இரண்டு நாளும் தின்னாவிட்டால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணிலும் கேட்கலாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நோயில்லை என்றால் வீட்டில் செய்ய வேண்டியவை

சோறு வைக்கும் நேரமும் வெளியே கூட்டிப் போகும் நேரமும் மாறக் கூடாது. நாய்க்கு அந்த ஒழுங்குதான் தெம்பு. இறந்த நாயின் சாக்கையும் தட்டையும் உடனே எடுத்தெறிய வேண்டாம். தொற்றுநோயில் செத்திருந்தால் மட்டும் அப்புறப்படுத்துங்கள். நாள் முழுவதும் கட்டிப்போடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அமைதியாகத் தடவிக்கொடுங்கள். தின்ன மறுத்தால் வேகவைத்த கோழியின் சாற்றைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். அதில் உப்பும் வெங்காயமும் சேரக் கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாரசிட்டமால் உட்பட மனிதருக்கான எந்த மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

துணைக்கு உடனே ஒரு குட்டியைக் கொண்டு வருவது பலரும் செய்வது. பழைய நாய் வழக்கம்போல் தின்று, நடமாடத் தொடங்கும்வரை பொறுங்கள். பார்வோவில் செத்த வீடானால், மருத்துவரைக் கேட்டு, தடுப்பூசி முடித்த குட்டியை மட்டும் சேருங்கள்.

யாராவது கொன்றிருந்தால்

நாயை விஷம் வைத்தோ அடித்தோ கொல்வது குற்றம். வளர்த்தவருக்கு முறையிட முழு உரிமை உண்டு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். எனவே புகாரில் 325-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.

உடலை அவசரமாகப் புதைக்காதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுங்கள். மீந்த கறியைக் கையால் தொடாமல் பையில் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவர் மூலம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அந்த அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு. புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

தெருநாய்க்கும் பாதுகாப்பு உண்டு. விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபட்டவை ஆகியவற்றுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆணைகள் விலக்கு வைத்திருக்கின்றன.

ஒரு நாய் போன வீட்டில் இன்றே இரண்டைச் செய்யுங்கள். மிஞ்சிய நாயின் ஈறு, உடம்புச்சூடு, உண்ணி ஆகியவற்றைப் பாருங்கள். அதன் தடுப்பூசி அட்டையை எடுத்து, வெறிநோய் ஊசி போட்டு ஓராண்டு கடந்திருந்தால் நாளைக்கே மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஏக்கத்தை அன்பு ஆற்றும். வெறிநோய்க்கு ஊசி மட்டும்தான் தடை.