உங்களுக்குத் தெரியுமா? நடுக்கடலில் ஆயிரம் ஆண்டு அல்லேலூயா!

அரபிக்கடலில் சொகோட்ரா என்று ஒரு தீவு. ஏமனுக்குச் சொந்தம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தே சுமார் 240 கி.மீ. கீறினால் ரத்தம் போல் பிசின் வடியும் மரம் இருக்கிறதே, அது இந்தத் தீவுக்காரிதான்! அங்கே கிறிஸ்தவம் எப்போது வந்தது தெரியுமா? 6-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே!

சொன்னவர் அலெக்சாந்திரியா வியாபாரி காஸ்மாஸ். தீவில் அவர் இறங்கவே இல்லை, கப்பலில் ஓரமாகக் கடந்தார். ஆனால் அத்தீவுக்காரர்களை எத்தியோப்பியாவில் சந்தித்துப் பேசியிருக்கிறார். அவர்கள் பேசியது கிரேக்கம். அவர்களுடைய குருக்கள் வந்ததோ பாரசீகத்திலிருந்து!

இலங்கையிலும் அப்போதே பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் இருந்ததாக எழுதியவர் இதே காஸ்மாஸ்தான். 1912-ல் அனுராதபுரத்து மண்ணுக்குள்ளிருந்து கல்லில் செதுக்கிய சிலுவையே கிடைத்தது!

13-ஆம் நூற்றாண்டு. சொகோட்ராவுக்குப் பேராயரே உண்டு என்கிறார் மார்க்கோ போலோ. அந்தப் பேராயருக்கு மேலிடம் ரோம் அல்ல, பாக்தாத்! அதே தீவில் காற்றைத் திருப்பிக் கப்பலையே பின்னோக்கி இழுக்கும் மந்திரவாதிகளாம். பேராயர் தடுத்தும் கேட்கவில்லையாம்!

எனக்கு மெய்சிலிர்த்தது இனிமேல்தான். 1542-ல் இந்தியாவுக்கு வரும் வழியில் இங்கே இறங்கினார் பிரான்சிஸ் சவேரியார். நாங்கள் தோமையார் ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் வம்சம் என்று மார்தட்டினார்கள் மக்கள். குருக்களுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. வாசிக்கப் புத்தகமும் இல்லை. செபம் முழுக்க மனப்பாடம், அதுவும் அவர்களுக்கே புரியாத மொழியில்! நடுநடுவே ஒரு சொல் மட்டும் சவேரியார் காதில் பளிச்சென்று விழுந்தது: அல்லேலூயா!

மணி கிடையாது. பெரிய வெள்ளியன்று நம் கோயில்களில் தட்டுவார்களே, அதுபோல மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு 4 தடவை!

தங்களுடனேயே தங்கிவிடும்படி சவேரியாரைக் கெஞ்சினார்கள். அவருக்கும் ஆசைதான். கப்பலில் கூட வந்த போர்ச்சுகீசிய ஆளுநர் விடவில்லை. துருக்கியர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம்!

இன்று அந்தத் தீவே முஸ்லிம் தீவு. அன்று தங்க விடாமல் கப்பலேற்றப்பட்டவர் மே 6-ஆம் தேதி கோவா சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எங்கே போய் நின்றார் தெரியுமா? நம்ம முத்துக்குளித்துறையில்!