தற்சுழல் வகை வரையறையும் பல்லுருமையும்: சார்புமுறை நிரல்மொழிகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

'நேற்று வந்த மாணவர் எழுதிய கட்டுரை' என்னும் தொடரை நோக்குவோம். 'கட்டுரை' என்னும் பெயருக்கு 'மாணவர் எழுதிய' என்பது அடையாகிறது. அவ்வடைக்குள் உள்ள 'மாணவர்' என்னும் பெயருக்கு 'நேற்று வந்த' என்பது மீண்டும் அடையாகிறது. பெயர்த்தொடருக்குள்ளேயே இன்னொரு பெயர்த்தொடர் அடங்கும் இவ்வமைப்பு இலக்கண ஆசிரியர்க்குப் புதிதன்று. சார்புமுறை நிரல்மொழிகள் இத்தகைய அமைப்பை எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

ராபின் மில்னர் குழுவினர் 1970களில் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல். மொழியும், 1990இல் முதல் வரையறை வெளிவந்த ஹாஸ்கெல் மொழியும் இவ்வகை மொழிகளுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் 'பட்டியல்' என்பதை இரு கிளைகளால் வரையறுக்கலாம்: ஒன்று, அது வெறுமையானது, அல்லது, ஓர் உறுப்பும் அதனைத் தொடரும் வேறொரு பட்டியலும் சேர்ந்தது. வரையறுக்கப்படும் வகை தன் வரையறையிலேயே இடம்பெறுவதால் இது தற்சுழல் வரையறை எனப்படும். வெறுமை என்னும் கிளை இல்லையெனின், முடிவுள்ள பட்டியல் எதனையும் கட்ட இயலாது. நீளம் காணும் சார்பும் இதே வடிவைப் பின்பற்றுகிறது: வெறுமைக்கு நீளம் 0; ஏனையவற்றுக்கு, எஞ்சிய பட்டியலின் நீளத்தோடு 1.

இச்சார்பு எண்களின் பட்டியலுக்கும் சொற்களின் பட்டியலுக்கும் ஒன்றே. உறுப்பின் இயல்பை அது நோக்குவதில்லை. இதனை அளபுருப் பல்லுருமை எனலாம். ஒரே குறி முழு எண்களுக்கு ஒரு செயலையும் பின்ன எண்களுக்கு வேறொரு செயலையும் குறிப்பது இதனின் வேறானது. இவ்வேறுபாட்டைக் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி 1967இல் எடுத்துரைத்தார். நிரலர் எழுதாவிடினும் ஒரு சார்பின் மிகப் பொதுவான வகையைக் கணினியே கண்டறியும் முறையை மில்னர் 1978இல் வெளியிட்டார்.

எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. 'நிறைமரம்' என்பதை ஒரு தனி உறுப்பு, அல்லது உறுப்பிணைகளால் ஆன ஒரு நிறைமரம் என வரையறுப்போம். இதில் 1, 2, 4, 8 என்னும் எண்ணிக்கையிலேயே உறுப்புகள் அமையும். மூன்று உறுப்புகளைக் கொண்ட மரத்தை எழுதவே இயலாது. ஆயின் இம்மரத்தின் மீது இயங்கும் சார்பு, உறுப்புக்கு மாறாக இணை, இணைக்கு மாறாக இணைகளின் இணை எனத் தன்னை வெவ்வேறு வகையில் அழைக்க நேர்கிறது. மில்னர் முறை இதனை ஏற்பதில்லை. இதனை ஏற்கும் விரிவை ஆலன் மைக்ராஃப்ட் 1984இல் முன்வைத்தார். அவ்விரிவில் எல்லா நிரல்களுக்கும் வகையைக் கண்டறியும் பொதுவழி இல்லை என்பது 1993இல் நிறுவப்பட்டது. எனவே ஹாஸ்கெல் மொழியில் நிரலரே அச்சார்பின் வகையை எழுதித் தருகிறார். கணினி அதனைச் சரிபார்க்கிறது.

தமிழ்த் தொடர்களைக் கணினியில் பகுக்க முனைவோர்க்கு இது பயன்தரும். பெயர்த்தொடரைத் தற்சுழல் வகையாக வரையறுத்துவிட்டால், எச்ச அடை பெற்ற கிளையை ஒரு சார்பு கையாளத் தவறும்போது தொகுப்பி எச்சரிக்க இயலும். அதேவேளை, எந்தப் பட்டியலுக்கும் 0 என்றே விடைதரும் நீளச் சார்பும் வகைச் சோதனையில் தேறிவிடும் என்பதை மறத்தலாகாது. வடிவத்தைக் கணினி காக்கும். பொருள் சரியா என ஆராயும் பொறுப்பு நம்முடையதே.