இரட்டைப் பதிவு

ஆறு குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஆறு கார்த்திகைப் பெண்கள். சரவணப் பொய்கையில் எங்கள் ஊர் முருகனுக்கு நடந்த ஏற்பாடு இது. தலைக்கு ஒரு ஆள்! போதாததற்கு, பார்வதி தேவி வந்து ஆறையும் சேர்த்து அணைத்து ஒன்றாக்கிவிட்டார். திருத்தணி அடிவாரத்தில் குடியிருக்கும் என்னைப் போன்ற சாமானியனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தால் இந்த இரண்டு சலுகையும் கிடையாது. ஆளும் கூடாது, குழந்தைகளும் ஒன்றாகாது.

எங்களுக்குப் பிறந்தது ஒரு பையன், ஒரு பெண். நாலு நிமிஷம் வித்தியாசம். எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "கவல பிள்ளலு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் இது. தெலுங்கு இன்னும் தெருவில் நடமாடுகிறது. அந்த மொழியில் 'கவல' என்றால் இரட்டையர். என் தமிழ்க் காதில் அது 'கவலை' என்று விழுந்தது. ஒரே வாரத்தில், இரண்டு மொழியும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று தெரிந்துவிட்டது.

நான் பி.காம். கட்டுரை எழுதுவது ஆசைக்கு. அரிசி வாங்குவது சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதி. அதனால் எதையும் பற்று, வரவு என்று பார்த்தே பழக்கம். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இரண்டுக்கு 16 முதல் 24. கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று! ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, ஒன்று அழுது இன்னொன்றை எழுப்பிவிடுவது எல்லாம் தனி லெட்ஜர்.

எதிர்ப்பக்கத்தில் என் நேரம். திருத்தணியிலிருந்து சென்ட்ரல் சுமார் 80 கிலோமீட்டர். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, பெரம்பூர் என்று மின்சார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நிற்பது போனஸ். அப்புறம் பஸ். போக வர ஐந்து மணி நேரம் ஸ்வாஹா. நான் கிளம்பும்போது குழந்தைகள் தூங்கும். திரும்பி வரும்போதும் தூங்கும். "ரெண்டும் எவ்வளவு சமத்து!" என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். என் மனைவி பார்த்தாள் ஒரு பார்வை. முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அது மலைக்கு மேலே மட்டும்தான் போலிருக்கிறது.

சிரிப்பு இருக்கட்டும். இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் நாள் நிறையும் முன்பே, எடை குறைவாகப் பிறக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான். இரண்டுமே 2 கிலோவைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பையனை எடுத்து என் மனைவியின் வெறும் மார்பில் குப்புறச் சாய்த்து, மேலே துணி சுற்றிக் கட்டினார். கங்காரு முறையாம். 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர்கள் தொடங்கி வைத்தது. உடம்புச் சூடுதான் மருந்து. குறைமாதக் குழந்தைகளை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

"இன்னொண்ண யாரு வெச்சுக்கறது?" என்றார் நர்ஸம்மா. 

"அப்பா வெச்சுக்கலாமா சிஸ்டர்?"

"தாராளமா. சட்டையைக் கழட்டுங்க."

பெண் குழந்தை என் மார்பில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய மாம்பழ எடை. கொஞ்ச நேரத்தில் அதன் மூச்சும் என் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் அதைப் பிரித்தெடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். லீவு முடிந்துவிட்டது.

ஆமாம், மூன்று நாள்தான். "நம்ம கம்பெனியில அப்பாவுக்கு லீவுன்னே ஒண்ணு இல்லை ஸார். உங்களுக்காக மூணு நாள். ரெட்டைக் குழந்தைங்கறதால ஞாயித்துக்கிழமையையும் சேர்த்துக்குங்க" என்றார் மானேஜர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ரயிலில் என் பக்கத்து ஸீட் நண்பர் தபால் இலாகா. அவருக்குக் குழந்தை பிறந்தபோது 15 நாள், முழுச் சம்பளத்தோடு. மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 1997-லிருந்து இருக்கிற விதி இது. உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு 15 நாள் முன்னாலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் போச்சு. ஒரே வண்டி, ஒரே பெஞ்சு, ஒரே சீஸன் டிக்கெட். அவர் 15 நாள் அப்பா, நான் மூன்று நாள் அப்பா.

தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டமே இல்லை. 2017-ல் பெண்களுக்கான மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். அப்பாவுக்கு அதில் அரை நாள்கூட இல்லை. அதே வருஷம் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. எல்லாத் தகப்பன்மாருக்கும் விடுப்பு கேட்டு மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சரி, இரட்டை என்பதற்காக அம்மாவுக்காவது கூடுதலாக உண்டா? அதே 26 வாரம்தான். ஆனால் எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்று வந்தால் கதையே வேறு. முதல் பிரசவத்தில் இரட்டை பெற்ற ஒரு பெண் ஊழியர் அடுத்த பிரசவத்துக்கு லீவு கேட்ட வழக்கில், இரட்டையர் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே பிறக்கிறார்கள், ஆகவே அது இரண்டு பிரசவம் என்று 2020-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. (2025-ல் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், இரண்டு குழந்தைக் கணக்கைக் காட்டி தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவருக்கு மகப்பேறு விடுப்பை மறுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது.)

ஆக, தடுக்கும்போது இரண்டு, கொடுக்கும்போது ஒன்று. பி.காம். முதல் வருஷத்தில் இரட்டைப் பதிவு முறை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் எழுதிய தொகையை மறுபக்கமும் எழுத வேண்டும். இந்தக் கணக்கு மட்டும் டாலி ஆகவே மாட்டேன் என்கிறது. ஸ்வீடனில் டாலி ஆகிறது. அங்கே அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 480 நாள். இரட்டை என்றால் மேற்கொண்டு 180 நாள்.

நமக்கு அவ்வளவு ஆசையெல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும்போதே உங்கள் ஆபீஸ் லீவு விதிகளையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். மத்திய அரசு நண்பர்கள் அந்த ஆறு மாதக் கெடுவை மறக்க வேண்டாம். விதியே இல்லாத ஆபீஸ் என்றால் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும்.

நாங்களும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, எல்லா அப்பாக்களுக்கும் 15 நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். "மேலே சொல்லிப் பார்க்கிறேன்" என்றிருக்கிறார் மானேஜர். மேலே போவது எங்கள் ஊர்க்காரனுக்குப் புதிதில்லை. வருஷத்துக்கு 365 நாள் என்று மலைக்கு 365 படி. நாங்கள் கேட்பது அதில் 15 படிதான்.