ஓடுபாதையில் 6 மணி நேரம்!

குர்லா, காட்கோபர் பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பேச்சைப் பாதியில் நிறுத்தி, விமானம் தலைக்கு மேல் கடந்து போன பிறகு தொடருவது அங்கே பழகிப்போன விஷயம்.

2019-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சில நாட்கள் மட்டும் அந்தச் சத்தம் பகல் 11 மணிக்கு நின்றது. மாலை 5 மணிக்குப் பிறகே மறுபடியும் கேட்டது.

அந்த 6 மணி நேரம் மும்பை விமான நிலையத்துக்குள் என்ன நடந்தது?

கத்தரிக்கோல் பாதைகள்

மும்பை விமான நிலையத்தில் 2 ஓடுபாதைகள் இருக்கின்றன. ஆனால் அவை விரித்த கத்தரிக்கோலைப் போல ஒன்றை ஒன்று வெட்டிச் செல்கின்றன. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்த முடியாது. பெயருக்குத்தான் இரண்டு. வேலைக்கு ஒன்று!

அப்படி இருந்தும் 2018-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி 24 மணி நேரத்தில் 1,007 விமானங்கள் அங்கே ஏறி இறங்கின. சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம்.

இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் தேய்மானம் அதிகம். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் இரண்டையுமே மூடியாக வேண்டும். அதற்காகத்தான் பிப்ரவரி 7 முதல் மார்ச் 30 வரை செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மொத்தம் 22 நாட்கள், பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரை இரு பாதைகளும் மூடப்பட்டன.

வீட்டுக்கு வெள்ளையடிப்பவர் வேலை முடியாவிட்டால் "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஓடுபாதையில் அது நடக்காது. மாலை 5 மணிக்குப் பாதை விமானங்களிடம் திரும்பப் போக வேண்டும். பாதி வேலையாக இருந்தாலும், விமானம் பத்திரமாக ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.

படி இருக்கக்கூடாது

பழைய தளத்தின் மேல் புதிய தார்க்கலவை போட்டால், புதியது முடியும் இடத்தில் ஒரு படி உண்டாகும். வேகமாக ஓடும் விமானத்தின் சக்கரம் அந்தப் படியில் மோதினால் ஆபத்து.

இதற்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு கணக்கு வகுத்துள்ளது. 5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தளம் போட்டால், அந்த உயரத்தை 5 முதல் 10 மீட்டர் நீளத்துக்குச் சரிவாக இறக்க வேண்டும். கனம் அதைவிட அதிகமானால் சரிவு இன்னும் மெதுவாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பாதையின் முழு அகலத்துக்கும் தளம் போட வேண்டும் என்பதும், பெரும்பாலான விமானங்கள் சரிவில் ஏறாமல் இறங்கும்படி வேலையை ஒரு முனையில் தொடங்கிக் கொண்டு போக வேண்டும் என்பதும் அதன் யோசனைகள். பாதையைத் திறக்கும் முன் நடுக்கோட்டை வரைந்தே ஆக வேண்டும்.

அறிவிப்பு மட்டும் போதுமா?

இந்தியாவில் விமான நிலையங்களுக்கு உரிமம் வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். எந்தப் பாதை, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மூடப்படும் என்பது "நோட்டாம்" என்ற அறிவிப்பு மூலம் விமானிகளுக்குத் தெரிவிக்கப்படுகிறது. உள்ளே போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அனுமதிச் சீட்டு தேவை. வண்டி ஓட்டுபவருக்குத் தனி அனுமதி தேவை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவு இல்லாமல் எந்த வண்டியும் ஓடுபாதையில் நுழையக்கூடாது.

இவ்வளவும் காகிதத்தில் சரியாக இருந்தும் விபரீதம் நடந்தது உண்டு.

2000-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி இரவு. தைவான் நாட்டின் தைபே விமான நிலையம். புயல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் செல்ல வேண்டிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜம்போ விமானம், தான் போக வேண்டிய பாதையை விட்டு, பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டிருந்த பக்கத்துப் பாதையில் திரும்பிவிட்டது.

வேகமெடுத்த விமானம், அங்கே நிறுத்தப்பட்டிருந்த மண் தோண்டும் எந்திரங்களிலும் கான்கிரீட் தடுப்புகளிலும் மோதித் தீப்பிடித்தது. 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

பாதை மூடப்பட்ட அறிவிப்பு விமானிகளிடம் இருந்தது! பாதையைச் சரிபார்க்காமல் சென்றது விமானிகளின் தவறு என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் மூடிய பாதையின் நுழைவிடத்தில் தடுப்பு எதுவும் வைக்கப்படவில்லை என்பதும் வெளிவந்தது. தடுப்புகள் உள்ளே, வேலை நடந்த இடத்தில்தான் இருந்தன.

மூடிய பாதை, பார்த்தவுடனே மூடிய பாதையாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பெருக்கல் குறி போன்ற பெரிய அடையாளம், சிவப்பு விளக்கு, தடுப்புக் கட்டை எல்லாம். அவற்றை ஏந்திச் சென்று உரிய இடத்தில் வைப்பவர் ஒரு சாதாரணத் தொழிலாளிதான்.

ஒரு துண்டுத் தகடு

அதே 2000-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பாரிஸ் நகருக்கு அருகே கான்கார்டு விமானம் எரிந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், தரையில் 4 பேரும் பலியானார்கள்.

காரணம், சற்று முன் அதே பாதையில் புறப்பட்டுப் போன வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த தகடு. நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை! அது டயரைக் கிழித்தது. தெறித்த டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்கியது.

அந்தத் தகடு கட்டுமான வேலையில் விழுந்தது அல்ல. ஆனால் பாதையில் கிடக்கும் பொருள் யார் போட்டது என்று டயருக்குத் தெரியாது. வேலை நடந்த இடத்தில் விட்டுப்போன ஸ்பேனர், ஆணி, ஜல்லி, கம்பித் துண்டு, காலி சிமெண்ட் பை எதுவானாலும் எமன்தான். விமான எஞ்சின் காற்றை இழுக்கும்போது இவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பின்னால் வீசும் காற்றோ கல்லையும் தகட்டையும் தூக்கி எறியும்.

ஆகவேதான் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து கொண்டு போய் ஒன்பது திரும்பினால், பத்தாவது கிடைக்கும் வரை பாதையைத் திறக்கக்கூடாது. பாதையைப் பெருக்கி, அதிகாரிகள் நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கோபுரத்துக்குத் தகவல் போகும்.

சொல்லும் துணிச்சல்

இங்கேதான் சிக்கல். மணி நாலே முக்கால். வானத்தில் விமானங்கள் காத்திருக்கின்றன. "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஒரு தொழிலாளிக்குத் தன் ஸ்பேனர் காணவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

சொன்னால் திட்டு விழுமோ, கூலி பிடிப்பார்களோ, நாளைக்கு வேலை இல்லை என்பார்களோ என்ற பயம் அவருக்கு வரும். அவர் வாயைத் திறக்காவிட்டால், அடுத்து ஓடும் விமானத்தில் இருப்பவர்களின் உயிர் கேள்விக்குறி.

எனவே, தவறைச் சொல்பவரைத் தண்டிக்காத நிர்வாகம்தான் நல்ல நிர்வாகம். பாதுகாப்புப் பாடம் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, போஜ்புரி பேசுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டால் விதி நிறைவேறிவிடலாம். ஆனால் விபத்து தடுக்கப்படாது.

ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பும் மும்பை ஓடுபாதைகள் ஒரு நாள் சில மணி நேரம் பராமரிப்புக்காக மூடப்படுகின்றன. அன்று குர்லா வானம் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். சுடுகிற தார்த் தளத்தின் மேல், குனிந்த தலை நிமிராமல், கிடக்கும் ஒரு கல்லையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் அங்கே இருப்பார்கள்.

மாலையில் முதல் விமானம் தலைக்கு மேல் பத்திரமாக இறங்கினால், அதில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது!