நீச்சல், சைக்கிள், ஓட்டம்: உடம்பு தளர்ந்த தம்பதிகளும் பழகலாம்



டிரையத்லான் என்று ஒரு போட்டி இருக்கிறது. முதலில் நீந்த வேண்டும். கரையேறிய கையோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கிடையாது. உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சாண்டியாகோ நகரில் 46 பேர் கூடி இதை நடத்தினார்கள். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இதுவும் ஒரு போட்டியாகச் சேர்ந்தது. இப்போது நம் நாட்டிலும் சென்னை, கோவா முதலிய இடங்களில் நடக்கிறது.

“இது நமக்கெதுக்கு சார்? நாங்க என்ன ஒலிம்பிக்குக்கா போகப் போறோம்?” என்று கேட்பீர்கள். போக வேண்டாம். ஆனால் இந்தப் போட்டிக்குப் பழகுகிற முறை, நாற்பது வயதைத் தாண்டி, தொப்பை விழுந்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு மிகவும் ஏற்ற முறை. ஓட்டம் மட்டும் என்றால் முழங்கால் தாங்காது. சைக்கிளிலும் தண்ணீரிலும் முழங்காலுக்குப் பாரம் குறைவு. ஒரு நாள் காலுக்கு வேலை, மறுநாள் கைக்கும் தோளுக்கும் வேலை என்று மாறி மாறி வருவதால் உடம்பு சலிப்பதில்லை.

காட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்பது அடுத்த கேள்வி. களையெடுப்பும் கதிரறுப்பும் நல்ல உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கரிசல் காடு மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வெள்ளாமையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன வேலை? வேப்பமரத்தடியும் டீக்கடை பெஞ்சும்தான். பக்கத்துத் தெருவுக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். தீப்பெட்டி ஆலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருக்கிறார்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பட்டணத்துக்காரர் நோய் என்று சொல்லிய காலம் போய்விட்டது. நம் ஊரிலேயே எத்தனை வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு வேர்க்க நடமாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

வயதைக் காட்டி ஒதுங்க வேண்டாம். மதோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி 48 வயதில்தான் ஓடப் பழகினார். 2012-ல், 82-வது வயதில், கனடாவில் நடந்த முழு நீளப் போட்டியை முடித்தார். அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நமக்கு அவ்வளவு தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றே சிறிய போட்டி இருக்கிறது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதிலும் பாதியளவுள்ள போட்டிகள் உண்டு. சில போட்டிகளில் நீச்சலை ஒருவர், சைக்கிளை ஒருவர், ஓட்டத்தை ஒருவர் என்று பங்கு போட்டுக்கொள்ளவும் இடம் தருகிறார்கள்.

தொடங்குவதற்கு முன்னால் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் இலவசமாகப் பார்ப்பார்கள். நெஞ்சில் பாரம், நடக்கும்போது இடது கை அல்லது தாடைக்கு ஏறும் வலி, மயக்கம் இவற்றில் ஏதாவது எப்போதாவது வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பயிற்சி. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அவர்கள் ஒரு துண்டு வெல்லமோ நாலு மிட்டாயோ பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்கள் இரத்த சோகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை இருப்பது தெரிந்தது. “என்னால ஓட முடியலை, எனக்குத் தெம்பு இல்லை” என்று சொல்லும் பல தாய்மார்களுக்குக் குறைவது தெம்பல்ல, இரும்புச் சத்து. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் மாத்திரை, பிறகு ஓட்டம். கர்ப்பமாக இருப்பவர்கள் நடை மட்டும் நடந்தால் போதும். பிள்ளை பெற்றவர்கள் ஆறு வாரப் பரிசோதனை முடிந்து, டாக்டர் சொன்ன பிறகு தொடங்கலாம்; வயிற்றைத் திறந்து எடுத்த பிரசவம் என்றால் இன்னும் தாமதிக்க வேண்டும். குடும்ப நல அறுவை செய்துகொண்ட பெண்கள் இரண்டு நாளைக்குப் பிறகு லேசான வேலை செய்யலாம். முழு வேலைக்கு இரண்டு வாரம் ஆகட்டும். வாசக்டமி செய்துகொண்ட ஆண்கள் ஒரு வாரம் கழித்துச் சைக்கிள் மிதிக்கலாம். ‘ஆபரேஷன் பண்ணினால் தெம்பு போய்விடும்’ என்ற பேச்சில் உண்மை இல்லை.

இனி பயிற்சி. முதல் நாளே ஓடுகிறவர் மூன்றாம் நாள் படுத்துவிடுவார். முதல் இரண்டு வாரம் நடை மட்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மூன்றாம் வாரத்தில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுத் தடவை. பிறகு வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த வாரத்திலும் கூட்டாதீர்கள். பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்தில் 5 கிலோமீட்டரைப் பெரும்பாலும் ஓட்டமாகவே முடித்துவிடலாம். முடியாவிட்டால் நடந்து முடிப்பதும் போட்டியில் குற்றமில்லை.

சைக்கிளுக்குக் கடன் வாங்க வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் சுவரில் சாத்திக் கிடக்கிறதே, அதுவே போதும். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும்படி சீட்டை உயர்த்துங்கள். சீட்டைத் தாழ வைத்து மிதிப்பதால்தான் முழங்கால் வலிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் 20 நிமிடத்தில் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் வரை கொண்டுபோகலாம். சீமைக்கருவேல முள் நம் ஊர்ச் சாலையோரத்தின் சாபம். பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றுப் பம்பும் கையில் இருக்கட்டும். விடியற்காலையில் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். பத்தாம் வாரத்துக்கு மேல், சைக்கிளை விட்டு இறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். நாலைந்து தடவை பழகினால் சரியாகிவிடும்.

நீச்சல்தான் உயிர் சம்பந்தப்பட்ட பாகம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். “சின்ன வயசுல கிணத்துல குதிச்சு ஆடுனவன்தான் நான்” என்று சொல்லும் ஆண்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். அப்போது இருந்த மூச்சு இருபது வருஷம் கழித்து இருக்காது. குடித்துவிட்டு இறங்குகிறவர்கள் நிலையைச் சொல்லவே வேண்டாம். கம்மாயில் வண்டல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்தபின் தெரியாது; இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஒரு எட்டு வைத்தால் ஆளை முழுக்கும். கரிசல் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கடியில் கருவேலங்கட்டையும் முள்ளும் கிடக்கும். ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் கம்மாயிலோ கிணற்றிலோ பழகக் கூடாது. மதுரை ரேஸ்கோர்சிலும் பாளையங்கோட்டையிலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் உள்ளன. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேலை தண்ணீரில் காலைச் சுற்றும். உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான் சரி.

பெரியவர்கள் நீந்தப் பயப்படுவது பெரும்பாலும் மூச்சை அடக்குவதால். வாயால் காற்றை இழுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி குமிழியாக விட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி இதை மட்டும் ஒரு வாரம் பழகலாம். பிறகு மிதப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்பது, பிறகே கை வீச்சு. 25 மீட்டர் குளத்தில் 30 தடவை போனால் 750 மீட்டர். வாரந்தோறும் பஸ் ஏறிப் போகச் செலவாகும் என்பது உண்மைதான். அது கட்டுப்படியாகாதவர்கள் தண்ணீரை விட்டுவிட்டு, ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று உள்ள டுவாத்லான் போட்டிக்குப் பழகுவதே நல்லது. தனியாகக் கிணற்றில் இறங்கிப் பழகுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். யாராவது முங்கினால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறோ வேட்டியோ காலி கேனோ வீசிவிட்டு, 108-க்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனி டப்பா எதுவும் வாங்க வேண்டாம். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, பாசிப்பயறு, முட்டை, கீரை இவை போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் பாதியாகக் குறையுங்கள். விதைப்பு, அறுப்பு நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிடலாம், காட்டு வேலையே போதும். ஆனால் திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வாரம் பின்னே போய்த் தொடங்க வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டங்களில் தாய்மார்கள் சொல்வது இதுதான்: “அவுக நடக்கப் போயிருவாக. நான் தண்ணி பிடிச்சு, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பிட்டுத் திரும்பிப் பார்த்தா வெயில் வந்துரும்.” மனைவிக்கு விடியற்காலை ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு மணி நேர வேலையை யாராவது செய்தாக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி நீங்கள் குழாயடிக்குக் குடத்தோடு போங்கள், அவர் நடக்கட்டும். செவ்வாய், வியாழன் மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து சைக்கிளில் போகலாம். ஞாயிறு ஓய்வு. ‘பொம்பளை ஓடினால் ஊர் என்ன சொல்லும்’ என்று மாமியார் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் மகன்தான், மருமகள் அல்ல. மாதவிலக்கு நாட்களிலும் முடிந்தவர்கள் நடக்கலாம், ஓடலாம், கெடுதல் இல்லை.

நடந்த நாளுக்கு ஒரு கோடு, ஓடிய நாளுக்கு இரண்டு கோடு என்று சமையலறைக் காலண்டரில் போட்டுவையுங்கள். அவருக்கு ஒரு நிறம், உங்களுக்கு ஒரு நிறம். நான்கு வாரம் கழித்து அந்தக் காலண்டரோடு சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். எடை, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் பார்த்து அதிலேயே குறித்துத் தருவார்கள். இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும்.