பின் சக்கரப் புஷ்களும் பில் கேட்கும் உரிமையும்

காரின் பின் அச்சு பாடியோடு சேரும் இடத்தில் இரும்பு இரும்பை நேராகத் தொடுவதில்லை. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே போல்ட் நுழையும் ஒரு குழல், இரண்டுக்கும் நடுவே ஒட்ட வார்த்த ரப்பர்: இதுதான் புஷ். ஷாக் அப்சார்பரின் தலையை பாடியில் பிடித்து நிறுத்தும் ரப்பர் தாங்கிக்கு மவுன்ட் என்று பெயர். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே முறுக்கு அச்சில் இருப்பதால், அதன் முன்முனையில் பக்கத்துக்கொன்றாகப் பெரிய புஷ்கள் இரண்டே இருக்கும். அம்பாசடரிலும் ஆம்னியிலும் லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் புஷ்கள் உண்டு. அமைப்பு எதுவானாலும் ரப்பரின் வேலை ஒன்றுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது அது முறுகிக் கொடுக்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. புஷ் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று எழும் தகராறுகளில் பலவும் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருபவை.

ரப்பர் ஓடிய தூரத்தால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் கெடும். வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் நின்ற காரானாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் புஷ்ஷில் வெடிப்பு விழுவது சகஜம். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் போதும். எண்ணெய் அதை இன்னும் விரைவுபடுத்தும். வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தில் டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ அடித்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. துருப்பிடிக்காது என்பார்கள், கிறீச் சத்தமும் சில நாள் அடங்கும். ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பி, இறுக்கம் இழந்து, இரும்பிலிருந்து கழன்றுவிடும். சத்தம் நின்றதற்குக் கொடுக்கும் விலை புஷ்ஷின் ஆயுள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தேய்ந்த புஷ் முதலில் காதுக்குத்தான் தெரியும். வேகத்தடையில் பின்சக்கரம் இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். மவுன்ட் போயிருந்தால் சின்னச் சின்ன மேடுபள்ளத்திலும் டிக்கிக்குள்ளிருந்து தட்டும். அடுத்த கட்டத்தில், நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது வண்டியின் பின்பாகம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் இருக்கும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் நகரும். பின் டயர்களின் ஓரம் மட்டும் தேயும். டயரைத்தான் மாற்றுகிறார்கள் பலர்; காரணம் உள்ளே அப்படியே இருப்பதால் புது டயரும் அதே இடத்தில் தேய்கிறது.

இதைத் தள்ளிப்போடுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. குறைபாடுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். குறை இருப்பது தெரிந்திருந்தால் மட்டுமல்ல, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் இங்கே கைகொடுக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான கார் பாலிசியில் விலக்கப்பட்டவை. விபத்தில் உடைந்த ரப்பர் பாகங்களுக்கே பாதி மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். தேய்மானக் கழிவில்லாத கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் தவிர. வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனையும் பாலிசியில் இருக்கும்.

சத்தம் கேட்டதும் ‘புஷ் போச்சு’ என்று சொல்லிவிடுவது எளிது. தளர்ந்த சைலன்சர் தொங்கலும், ஷாக்கின் அடிப்போல்ட்டும், ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகும்கூட அதே மாதிரி தட்டும். எது போயிருக்கிறது என்று காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, புஷ்ஷின் அருகே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால், நல்ல ரப்பர் சற்றே கொடுத்துத் திரும்பும். போன புஷ்ஷில் நடுக்குழல் தடதடவென்று ஆடும், அல்லது ரப்பருக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரியும். மேலோட்டமான கீறல் மட்டும் இருந்தால் உடனே மாற்றத் தேவையில்லை. லிஃப்ட் இல்லாத இடத்தில் ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. ஸ்டாண்ட் இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பாகம் வாங்குவதில் மூன்று வழிகள் இருக்கின்றன: கம்பெனி பெயரில் வருவது, நல்ல மாற்றுத் தயாரிப்பு, கழட்டின சாமான். சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்குவதில் தவறில்லை. புஷ்ஷை அப்படி வாங்குவது வீண், ஏனென்றால் அந்த ரப்பருக்கும் அதே வயதுதான். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும்; ஆனால் அதிர்வை அதிகமாக உள்ளே விடும், கிரீஸ் காய்ந்தால் கத்தும். அதைவிடப் பெரிய தொல்லை போலிதான். ஜி.பி. ரோடு மாதிரியான கடைத்தெருக்களில் அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கக்கூடும். உறையிட்ட பொருளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி.யும், புகார் சொல்லத் தொடர்பு விவரமும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் உறையிட்ட பொருள் விதி. போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பதற்கு 1999 வணிகக்குறிச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பில்லின் அடியில் ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலவரை எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

புஷ்ஷின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து தொடங்கும். கூலி அதைத் தாண்டிவிடும். அச்சை இறக்க வேண்டும், பழைய வளையத்தைப் பிரஸ்ஸில் தள்ளிப் புதியதை ஏற்ற வேண்டும். பிரஸ் இல்லாத பட்டறைகள் லேத்துக்கு அனுப்பும், அல்லது சுத்தியலால் அடித்தே இறக்கும். அடி வாங்கிய வளையம் கோணிப்போனால் புதிய ரப்பரும் அன்றே சேதம். முறுக்கு அச்சுப் புஷ்கள் பலவற்றில் ரப்பருக்குள் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகளும், எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதற்கான குறியும் இருக்கும். திசை மாறிப் போட்டால் புஷ் புதிதாக இருந்தும் வண்டி பழையபடியே ஆடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு கடைசி முறுக்கில்தான் நேர்கிறது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே மெக்கானிக் போல்ட்டை முழுமையாக இறுக்கிவிடுகிறார். நடுக்குழல் அந்த நிலையிலேயே பிடிபடுகிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் அச்சு மேலேறி, ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஓடாமல் நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. சில மாதங்களில் கிழியும். ‘சாமான் சரியில்லை’ என்று பழி கடைக்காரர்மேல் விழும். சரியான முறை மிகச் சாதாரணமானது: போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, சக்கரத்தின் மீது வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். பள்ளமோ சாய்தளமோ இருக்கும் பட்டறைக்கு இது பத்து நிமிட வேலை. அச்சை இறக்கும்போது பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், இருந்தால் ஏ.பி.எஸ். வயர் ஆகியவற்றையும் விடுவிக்க நேரும். முறுகிய குழாயோடு வண்டி வெளியே வந்தால் அது புஷ்ஷைவிடப் பெரிய ஆபத்து. முடிவில் நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். முறுக்கு அச்சுள்ள கார்களில் பின்பக்கக் கோணத்தைத் திருத்த வழி பெரும்பாலும் இருக்காது. அளவு விலகியிருந்தால் அச்சே வளைந்திருக்கக்கூடும்.

இந்த வேலையின் குறை எதுவும் வெளியே தெரியாது. அதனால் உரிமை, பழுது வந்த பிறகு அல்ல, வண்டியை விடும்போதே தொடங்குகிறது. ஜாப் கார்டில் எந்தப் புஷ், எத்தனை, எந்த நிறுவனத்துடையது, கூலி எவ்வளவு, எடை இறங்கிய நிலையில் இறுக்க வேண்டும் என்பவற்றை எழுதி வாங்க வேண்டும். கழட்டிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும்; கிழிந்த ரப்பரைவிட நல்ல சாட்சி கிடையாது. பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகமாகவே சட்டத்தில் எண்ணப்படுகிறது. ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுச்சீட்டில் கணக்கு எழுதி வாங்குபவர், பின்னால் வழக்காடத் தேவையான ஆதாரத்தையே விட்டுக்கொடுக்கிறார்.

கூலி விஷயத்தில் சச்சரவு வந்தால் வண்டியைப் பட்டறைக்காரர் பிடித்து வைக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. செய்த வேலைக்கான நியாயமான கூலி வரும்வரை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே சண்டை போடுவதைவிட, பில்லிலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று எழுதி, பணத்தை வங்கி வழியாகக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

சில மாடல்களில் புஷ் தனியாகக் கிடைக்காது, ஆர்ம் முழுவதையும் வாங்கச் சொல்வார்கள். சிலவற்றில் வெளி மெக்கானிக்குக்குப் பாகமே தர மாட்டார்கள். இது பழைய வழக்கு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்ததற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில் வாகனமும் ஒரு பிரிவு.

தேய்மானம் அல்லாமல் தயாரிப்புக் குறையே காரணமாக இருந்தால் பாதை வேறு. சென்னை ஆலையில் 2013, 2014-இல் தயாரான 16,444 ஈகோஸ்போர்ட் கார்களை, பின் முறுக்கு அச்சின் போல்ட்டுகளைப் பரிசோதிக்க 2015-இல் ஃபோர்டு தானே திரும்ப அழைத்தது. இப்போது அரசே திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கானது. பழைய காருக்கு மிஞ்சுவது நுகர்வோர் சட்டம்தான்.

முதலில் பட்டறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்புக் கொடுக்காமல் வேறிடத்தில் கழட்டிவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம்தான் நடக்கும், தீர்ப்பு கிடையாது. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். குறை ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஜாப் கார்டு, பில், கழட்டிய புஷ், அலைன்மென்ட் அறிக்கை இவற்றோடு, இன்னொரு தகுதியான பட்டறை எழுதித் தந்த கருத்தும் இருந்தால் நல்லது. பணத்தைத் திருப்பித் தரவும், வேலையை மறுபடி செய்து தரவும், தேய்ந்த டயருக்கான இழப்பீட்டோடு வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைத் தாண்டுவது உண்டு. உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.